யார் எடுத்தது என்று கேட்பதை நிறுத்திய பிறகு

எங்கள் குடியிருப்பில் ஒரு காலகட்டத்தில் வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் சைக்கிள்கள். அப்புறம் வண்டிகளின் பேட்டரி, மொட்டை மாடியில் போட்டு வைத்திருந்த செம்புக் குழாய், தண்ணீர் மோட்டார். கடைசியில் பட்டப்பகலில் பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகும் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புகார் கொடுத்தோம். காவலர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு சைக்கிளுக்காகக் கைரேகை எடுத்து அலைய எந்தக் காவல் நிலையத்திலும் ஆள் கிடையாது.

அப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக என்னைப் போட்டிருந்தார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கிருந்த தகுதி. கூட்டம் கூடினால் பேச்சு ஒரே இடத்தில்தான் சுற்றும்: யார் எடுத்தது? புதிதாகக் குடிவந்தவர்கள், முனையில் நிற்கும் பையன்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆதாரம் என்று கேட்டால் ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஆளை விடுங்க. எங்க போச்சு, எப்ப போச்சு, எப்படிப் போச்சு, இந்த மூணை மட்டும் முதல்ல எழுதுங்க."

சரி என்று எழுத ஆரம்பித்தோம். சங்கத்தில் வந்த புகார்கள், சொல்லாமல் விட்டவை என எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்டு, ஒரு சார்ட் தாளில் குடியிருப்பின் படம் வரைந்து, நடந்த இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தோம். இரவுக்குக் கறுப்பு, பகலுக்குச் சிவப்பு. குடியிருப்பு முழுக்கப் பரவிக் கிடக்கும் என்று நினைத்தோம். ஆனால் பெரும்பாலான புள்ளிகள் மூன்றே இடங்களில் குவிந்து கிடந்தன. பின்னால் படித்தபோதுதான் இது எங்கும் உள்ள கதை என்று தெரிந்தது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியலாளர், காவல்துறைக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தார். நகரத்தின் மொத்த முகவரிகளில் சுமார் 3 சதவீத இடங்களிலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. "ஊரே கெட்டுப்போச்சு" என்று நாம் சொல்லும்போது, உண்மையில் கெட்டுப்போயிருப்பது நாலைந்து மூலைகள்தான்.

அந்த மூன்று இடங்களுக்கும் போய் நின்று பார்த்தோம். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். படத்தைப் பார்த்து மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். எந்த நேரத்தில் திருட்டு நடந்ததோ அதே நேரத்தில் அங்கே போய், ஒரு கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பின்சந்தில் இரவு நின்றபோது, அங்கே விளக்கு இருக்கிறது, ஆனால் மரக்கிளை வளர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிட்டது என்று தெரிந்தது. அதே இடத்தில் யாரோ வீடு இடித்த கல்லும் மண்ணும் மதிலை ஒட்டிக் குவிந்து, ஏறிக் குதிக்க வசதியான படியாக ஆகியிருந்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்தை எந்த ஜன்னலிலிருந்தும் பார்க்க முடியாதபடி ஒரு பெரிய விளம்பரத் தட்டி நின்றது. வைத்தவர்கள் நாங்கள்தான்.

மூன்றாவது இடம் தரைத்தள வீடுகள் சில. பூட்டு மேல் பூட்டு போட்டிருந்தார்கள். அதைப் பார்க்க ஒரு பூட்டுக்காரரைக் கூட்டி வந்தோம். அவர் பூட்டைத் தொடவே இல்லை. நாதாங்கியைக் காட்டினார். நாலு சின்ன மர ஸ்க்ரூ, தலை வெளிப்பக்கம் தெரியும்படி. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலையும் கழற்றினார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாதாங்கி, பூட்டோடு சேர்ந்து, அவர் கையில் தொங்கியது. "பூட்டு நல்ல பூட்டுதான் சார், இன்னும் பத்து வருஷம் வரும்" என்றார். கதவின் குறுக்கே ஊடுருவும் போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கச் சொன்னார். ஆகும் செலவு ஒரு புதுப் பூட்டு வாங்குவதைவிடக் குறைவு. அன்றைக்கே எல்லாத் தரைத்தள வீட்டுக்கும் மாற்றினோம். உங்கள் வீட்டு நாதாங்கியையும் ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள்.

மண்ணை அள்ளினோம், கிளையை வெட்டினோம், தட்டியை எடுத்தோம். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. நியூயார்க்கில் அரசு குடியிருப்புகளில் எவற்றுக்குக் கூடுதல் விளக்குக் கோபுரம் வைப்பது என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வைத்த இடத்தையும் வைக்காத இடத்தையும் ஒப்பிட்டார்கள். வெளியில் இரவில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து புல் போட்டு, இடுப்பளவு மரவேலி கட்டினார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. துப்பாக்கியைத் தேடிப் போகாமல் புல் வெட்டியே இது நடந்திருக்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் மனையில்தான் ஆயுதத்தை ஒளித்து வைப்பார்கள், அங்கேதான் கூடுவார்கள். யாரோ பார்த்துக்கொள்கிற இடம் என்று தெரிந்தால் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

"தள்ளி நின்று அடுத்த தெருவில் திருடுவான், அவ்வளவுதானே?" இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். நியாயமான கேள்விதான். கொஞ்சம் நகரத்தான் செய்யும். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு நகர்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜெர்மனி. 1980-ல் மேற்கு ஜெர்மனியில் தலைக்கவசம் போடாத பைக் ஓட்டிகளுக்கு அந்த இடத்திலேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள். நோக்கம் விபத்தில் உயிர் காப்பது. ஆனால் 1980-ல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த பைக் திருட்டு, 1986-ல் 54,000-க்கு இறங்கிவிட்டது. பைக்கைத் திருடுபவன் பலநேரம் திட்டம் போட்டு வருவதில்லை. பார்த்தான், ஏறினான், ஓட்டினான் என்பதுதான் கதை. கையில் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த முனையில் மாட்டுவான். சரி, அத்தனை பேரும் காருக்கோ சைக்கிளுக்கோ மாறினார்களா என்று பார்த்தால், இல்லை. பைக்கில் குறைந்த எண்ணிக்கைக்கு ஈடாக அங்கே ஏறவில்லை. வாய்ப்புக் கண்ணில் பட்டதால் நடக்கும் குற்றங்களில் பல, வாய்ப்பு இல்லாவிட்டால் நடக்காமலே போகின்றன. இந்த ஒரு செய்தி என் பார்வையை மாற்றியது.

சிசிடிவி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கேமரா நன்றாக வேலை செய்தது வண்டி நிறுத்துமிடங்களில்தான். வன்முறைக் குற்றங்களில் பெரிய பலன் தெரியவில்லை. நாங்களும் வண்டி நிறுத்தத்தில் மட்டும் வைத்தோம். மிச்சப் பணத்தில் விளக்கு.

புள்ளிப் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே வீட்டில் சில வார இடைவெளியில் இரண்டு முறை திருட்டு. முதலில் அந்த வீட்டுக்காரரின் கெட்ட நேரம் என்றார்கள். அப்படி இல்லை. ஒருமுறை வந்தவனுக்கு எந்த ஜன்னல் பலவீனம், எந்த நேரம் ஆள் இருக்காது, உள்ளே எது எங்கே என்று எல்லாம் தெரியும். உடைந்த தாழ்ப்பாள் இன்னும் சரிசெய்யப்படாமல் இருக்கும். தொலைந்த பொருளுக்குப் பதில் புதியது வாங்கி வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், ரோச்டேல் ஊரின் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களில் கென் பீஸ் என்ற குற்றவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். எல்லா வீட்டையும் பாதுகாக்க முயலாமல், திருட்டு நடந்த வீட்டை மட்டும் சுற்றிப் பாதுகாத்தார்கள். உடனடியாகக் கதவைப் பலப்படுத்துவது, சுற்றியுள்ள ஐந்தாறு வீடுகள் கண் வைப்பது, இவற்றோடு இன்னொன்றும் செய்தார்கள். அங்கே மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காசு போடும் மீட்டர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. அதாவது, பல வீடுகளில் ஒரு உண்டியல். அந்த மீட்டர்களை மாற்றினார்கள். சில மாதங்களிலேயே வீடு புகுந்து திருடுவது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

எங்களால் முடிந்த வடிவில் அதைச் செய்தோம். திருட்டு நடந்தால் அன்று மாலைக்குள் கதவைச் சரிசெய்து கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு. பக்கத்து வீட்டார் சில வாரங்கள் அந்த வீட்டைக் கவனிப்பார்கள். இதில் எதிர்பாராத பலன் ஒன்று இருந்தது. திருட்டுக் கொடுத்தவர்களுக்கு நகையைவிடப் பெரிய இழப்பு தூக்கம். "அக்கா, ராத்திரி எங்க வீட்டு விளக்கும் எரியும், பயப்படாதீங்க" என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னது, காவல் ரோந்து செய்யாத ஒன்றைச் செய்தது.

இதுவரை சொன்னது பொருளும் இடமும். ஆட்களைப் பற்றிப் பேசாமல் முடியாது.

முனையில் நிற்கும் பையன்கள் மேல் சந்தேகம் என்றேனே, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அவர்களைப் படம் எடுத்துப் போட்டு "இவர்கள் மேல் கண் வையுங்கள்" என்று எழுதினார். சில நிமிடங்களில் வேறு குழுக்களுக்குப் பரவியது. படத்தை நீக்கச் சொல்லி அவரோடு நான் கடுமையாகவே பேச வேண்டியிருந்தது. 2018-ல் இந்தியாவில் குழந்தை கடத்தல் வதந்தி இப்படித்தான் வாட்ஸ்அப்பில் பரவி, பல இடங்களில் ஒன்றும் அறியாத மனிதர்கள் அடித்தே கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் அந்த நிறுவனம் அங்கே ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. காவல்துறைக்கு அப்பால் குற்றத்தைத் தடுப்பது என்று இறங்குகிற எல்லாரும் முதல் நாளே போட வேண்டிய விதி இது: குழுவில் ஆள் படம் கிடையாது, பெயர் கிடையாது, அடையாளம் கிடையாது. இடமும் நேரமும் மட்டும். தடியோடு இரவு ரோந்து போகிறோம் என்று கிளம்பிய சிலரையும் இதே காரணத்துக்காக நிறுத்தினோம். கோபத்தில் இருக்கும் ஆள், கையில் தடி, இருட்டு, இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த குற்றம் நம்முடையதாகிவிடும்.

அந்தப் பையன்களில் ஒருவன் பிறகு நிஜமாகவே மாட்டினான். பதினாறு வயது. காணாமல் போன ஒரு சைக்கிளை அவன் விற்றதைப் பார்த்தவர் சொன்னார், அவனும் ஒப்புக்கொண்டான். காவல் நிலையத்துக்குப் போவது என்று எல்லாரும் கிளம்பினார்கள். சைக்கிள்காரர்தான் யோசித்தார். அவருக்குத் தண்டனையைவிட ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு முறை உண்டு. 1974-ல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். டயரைக் கிழித்தது, ஜன்னலை உடைத்தது என்று. அவர்களைக் கண்காணிக்க வேண்டிய நன்னடத்தை அலுவலர் மார்க் யாண்ட்ஸி, இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே கூட்டிப்போனால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார். கதவு கதவாகத் தட்டி, "நாங்கள்தான் செய்தோம்" என்று சொல்லி, நட்டத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு ஈடுகட்டினார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் பாதிக்கப்பட்டவர் – குற்றம் செய்தவர் சந்திப்புகளுக்கு அதுதான் தொடக்கம் என்பார்கள். நியூசிலாந்து 1989-ல் சட்டமே போட்டு, சிறுவர் குற்றங்களில் குடும்பங்கள் கூடிப் பேசும் முறையைக் கொண்டுவந்தது. அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது அது. இங்கிலாந்தில் அரசு செய்த மதிப்பீட்டில், நேரில் சந்தித்த பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். மறுபடி குற்றத்தில் தண்டனை பெறுவது சுமார் 14 சதவீதம் குறைந்தது. மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் சிறைக்கு ஆகும் செலவை நினைத்தால் சின்ன எண்ணும் இல்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம்: எந்தெந்தக் குற்றத்தில் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் என்ன நடைமுறை. இது நாட்டுக்கு நாடு மாறும், கேட்காமல் இறங்காதீர்கள். அப்புறம் இளைஞர்களோடு வேலை செய்து பழக்கமுள்ள சமூகப் பணியாளர் ஒருவரை நடத்திக்கொடுக்கக் கேட்டோம். சங்கத் தலைவரும் நானும் அந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பெரிய மனுஷன் நடுவில் உட்கார்ந்தால் எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள் என்றார். கட்டப்பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேயே இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. யாரும் வற்புறுத்தி வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து காவல் நிலையத்துக்குப் போகலாம்.

சந்திப்புக்கு முன் அவர் இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் பலமுறை பார்த்தார். உண்மையான வேலை அதுதான். சந்திப்பு நாளில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார், நடுவில் மேசை வேண்டாம் என்றார். பையனின் அம்மா, அவனுடைய கால்பந்துப் பயிற்சியாளர், சைக்கிள்காரர், அவர் மகள். முதலில் பையன் நடந்ததைச் சொன்னான், தரையைப் பார்த்தபடி. அப்புறம் சைக்கிள்காரர்.

"எதுக்குப்பா என் சைக்கிளை எடுத்தே? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"உங்க சைக்கிள்னு தெரியாது அங்கிள். அது மட்டும்தான் பூட்டாம இருந்துச்சு."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அவருக்கும் வேறொரு குடும்பத்துக்கும் ஒரு தகராறு இருந்தது. அவர்கள்தான் ஆள் வைத்து எடுத்திருக்கிறார்கள், அடுத்து வீட்டில் கை வைப்பார்கள் என்று அவர் அவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தார். இரவில் எழுந்து கதவைப் பார்ப்பாராம். மகள் சொன்னபோதுதான் பையன் முதல்முறை நிமிர்ந்தான். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. நீதிமன்றத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு இடமே இருந்திருக்காது. அங்கே வழக்கு அரசுக்கும் அவனுக்கும்தான்.

ஒப்பந்தம் எளிதாக முடியவில்லை. பையனின் அம்மா மொத்தப் பணத்தையும் தானே கொடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம், அவன் கட்ட வேண்டும் என்று பயிற்சியாளர் மறுத்தார். கடைசியில் சிறு தவணைகள், சனிக்கிழமைகளில் சைக்கிள் நிறுத்தத்தை ஒழுங்கு செய்வது, ஒவ்வொன்றுக்கும் தேதி என்று எழுதி எல்லாரும் கையெழுத்திட்டார்கள். தேதி இல்லாத ஒப்பந்தம் காற்றில் போய்விடும். அவனால் நிறைவேற்ற முடியாத அளவுக்குப் பெரிதாகவும் போடக் கூடாது. இரண்டு தவணை தாமதமானது, சமூகப் பணியாளர் நேரில் போய்க் கேட்டார், கட்டி முடித்தான்.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்த்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் கணவன் மனைவியை அடிக்கிறான் என்று தெரிந்தபோது, சங்கத்துப் பெரியவர்கள் சிலர் "உட்கார்ந்து பேசுவோம்" என்றார்கள். சமூகப் பணியாளர் கையெடுத்து மறுத்துவிட்டார். ஒருவருக்கு மற்றவர் மேல் பயம் இருக்கும்போது வட்டமாக நாற்காலி போடுவது பயத்துக்கு மேடை போடுவது. அங்கே தேவை பாதுகாப்பான தங்குமிடம், உதவி எண், காவல்துறை. பாலியல் குற்றத்திலும் அப்படியே. நாங்கள் செய்ய முடிந்தது, அந்தப் பெண்ணிடம் தனியாக எண்ணைக் கொடுத்து, எந்த நேரமும் வந்து தங்க ஒரு வீட்டைச் சொல்லி வைத்தது.

மற்றப் பையன்கள்? ஒரு உறுப்பினர், அவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராவே சிறையில் ஆயுள் கைதிகளை வைத்து இதைச் செய்து, நாடு முழுக்கப் பிரபலமானது. பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளின் முடிவு, போகாத பையன்களைவிடப் போய்வந்தவர்கள் அதிகம் குற்றம் செய்தார்கள் என்பது. நல்லெண்ணத்தோடு செய்வதும் கெடுதலில் முடியலாம். இன்னும் பழைய உதாரணம் 1939-ல் மாசசூசெட்ஸில் தொடங்கியது. சிறுவர்களுக்கு வழிகாட்டி, பாடம், கோடைமுகாம் என்று சில ஆண்டுகள் தாராளமாகக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியலாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் பல விதங்களில் மோசமாக இருந்தார்கள். தடுமாறுகிற பையன்களை மட்டும் தனியாக ஒரு முகாமில் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்பது ஒரு விளக்கம். அதனால் நாங்கள் "பிரச்சினைப் பையன்கள்" என்று தனிக் குழு அமைக்கவில்லை. மாலை விளையாட்டும் பயிற்சியும் எல்லாருக்கும் பொது.

பலன் தந்தவை என்று நிரூபிக்கப்பட்டவை வேறு மாதிரி இருக்கின்றன. சிகாகோவில் 2012-ல் ஏழைப் பகுதி மாணவர்களுக்குக் கோடையில் எட்டு வாரம் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைந்தது. அதே நகரத்தில் பள்ளிப் பையன்களுக்கான 'பிகமிங் எ மேன்' என்ற பயிற்சி, நடக்கும் காலத்தில் வன்முறைக் கைதுகளைப் பாதியளவுக்குக் குறைத்தது. லைபீரியாவின் மன்ரோவியாவில் குற்றத்தில் ஈடுபட்டிருந்த 999 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு எட்டு வார மனப்பயிற்சியும் கையில் 200 டாலரும் கொடுத்தார்கள். பத்து ஆண்டு கழித்தும் அவர்களிடம் குற்றம் பாதியாகவே இருந்தது.

சிகாகோ பயிற்சியில் வரும் ஒரு விளையாட்டை எங்கள் பையன்களோடு செய்து பார்த்தோம். இருவர் இருவராக நிற்க வேண்டும். ஒருவன் கையில் பந்து. முப்பது வினாடிக்குள் மற்றவன் அதை வாங்க வேண்டும். விசில் அடித்ததும் தரையில் உருண்டார்கள், விரலைப் பிரித்தார்கள், ஒருவன் கடித்தேவிட்டான். ஓய்ந்ததும் பயிற்சியாளர், "ஏன்டா தம்பி, ஒருத்தனாவது 'பந்தைக் கொடு'ன்னு கேட்டீங்களா?" என்றார். சிரிப்பு. "கேட்டா கொடுத்திருப்பியா?" என்று எதிரில் இருந்தவனைக் கேட்டார். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேன், இந்தப் பந்தை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றான் அவன். நாங்கள் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தாலும் அது உள்ளே போயிருக்காது.

அடிதடி விஷயத்தில் நான் சொல்லக்கூடியது குறைவு, ஏனென்றால் எங்களுக்கு அது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் இருக்கிற ஊர்க்காரர்கள் மருத்துவமனையோடு பேச வேண்டும். பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், தன்னிடம் கிழிந்த முகத்தோடு வருபவர்களில் பெரும்பாலானவர்களின் சம்பவம் காவல்துறைப் பதிவிலேயே இல்லை என்று கவனித்தார். அவசரப் பிரிவில் பதிவு செய்பவர்களை, எந்த இடம், எந்த நேரம், எந்த ஆயுதம் என்று மட்டும் கேட்டு எழுத வைத்தார். பெயர் இல்லாமல் அந்தத் தகவல் நகராட்சிக்கும் காவல்துறைக்கும் போனது. வன்முறையால் மருத்துவமனையில் சேர்வது, அதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால், 42 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் வெளியிட்டார்கள். எங்கள் பெரியவர் கேட்ட அதே மூன்று கேள்விகள்.

சங்கத்தில் இப்போது வேறொருவர் செயலாளர். புள்ளி வைக்கும் பழக்கம் தொடர்கிறது. திருட்டு அடியோடு நிற்கவில்லை. போன மழைக்காலத்தில்கூட ஒரு பேட்டரி போனது. இப்போது தாளில் அதிகம் சேர்வது தொலைபேசி மோசடி. "போலீஸ் பேசறோம், உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு" என்கிற வகை. வழக்கம்போல எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டோம். அழைப்புகள் பெரும்பாலும் முற்பகலில், வயதானவர்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது. அழைப்பை வைக்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் உத்தி. எனவே வங்கியில் பெரியவர்களின் ஒரு நாள் பணப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைக்கச் சொல்லி வீடு வீடாக உதவினோம். தளத்துக்கு ஒருவர், பகலில் இருப்பவர், தன் கதவு எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார். பணம் என்ற பேச்சு வந்தால் போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து அந்தக் கதவைத் தட்ட வேண்டும். போன வாரம் ஒரு பாட்டி தட்டினார். கதவைத் திறந்தவர் போனை வாங்கி "சொல்லுங்க சார்" என்றதுமே எதிர்முனையில் வைத்துவிட்டார்கள்.